விவரித்தவன் எங்கே?

பழைய புத்தகங்களைத் தேடித்தரும் இணையதளங்களை ஒப்பிட்டுச் சென்ற இதழில் நண்பர் ஒருவர் கட்டம் போட்டு எழுதியிருந்தார். குறுக்கே தளங்களின் பெயர்கள்: ஏப்புக்ஸ், பிப்லியோ, அலிப்ரிஸ், புக்ஃபைண்டர், ஆட்ஆல், வியாலிப்ரி. நெடுக்கே அவர் பார்த்த தகுதிகள்: பட்டியலின் அளவு, விலை, தபால் செலவு, தேடும் வேகம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கூட்டி, புக்ஃபைண்டருக்கு முதலிடம் கொடுத்து, இனிப் பழைய புத்தகக்காரனின் தயவு நமக்குத் தேவையில்லை என்று முடித்திருக்கிறார். வாரப் பத்திரிகை சினிமாவுக்கு மார்க் போட்டால் சிரிக்கிறவர்கள் நாம். இதற்கு மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. நாலைந்து பேர் பாராட்டி எழுதியதாகவும் அறிகிறேன்.

அவருடைய மார்க்குகளோடு எனக்குச் சண்டையில்லை. படித்து முடிக்க ஒரு பிரதி வேண்டும், எந்தப் பதிப்பானாலும் பரவாயில்லை, மலிவாக இருந்தால் போதும் என்பவருக்கு அவர் கொடுத்த வரிசை சரியே. ஆனால் அவர் எழுதியது அப்படிப்பட்டவர்களுக்காக அல்ல. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் இருநூறு முந்நூறு பேருக்காக. ஒரு கவிதையில் ஒரு சொல் ஏன் அங்கே இருக்கிறது என்று பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறவர்களுக்காக. நம்மிடம் வந்து புத்தகம் தேடுவது என்பது விலை தேடுவதுதான் என்று ஒருவர் சொல்வதும், அதை நாம் தலையாட்டி ஏற்பதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முதலில் அந்த ஆறு தளங்கள். ஆறு என்று எண்ணியதே பிசகு. ஏப்புக்ஸ் 1995இல் கனடாவின் விக்டோரியா நகரில் தொடங்கியது. பழைய புத்தகக் கடைக்காரர்கள் தங்கள் கையிருப்பை ஏற்றிவைக்க ஒரு பொது இடம், அவ்வளவுதான் ஆரம்ப உத்தேசம். புக்ஃபைண்டர் வேறு ஜாதி. அதனிடம் ஒரு புத்தகமும் கிடையாது. பல தளங்களின் பட்டியல்களை ஒரே மூச்சில் துழாவி, கிடைத்ததை விலை வரிசையில் அடுக்கிக் காட்டும். பெர்க்லியில் மாணவராக இருந்த அனிர்வான் சட்டர்ஜி 1997இல் ஆரம்பித்தது. எந்தக் கடையையும் சேராமல் தெருவில் நின்று எல்லாக் கடைகளையும் பார்த்துச் சொல்லும் ஒருவன் வேண்டும் என்பது நல்ல யோசனைதான். 2005இல் அந்த ஒருவனை ஏப்புக்ஸ் வாங்கிவிட்டது. 2008இல் ஏப்புக்ஸை அமேசான் வாங்கிவிட்டது. ஸ்பானியப் புத்தகங்களுக்கான இபெர்லிப்ரோ அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. 1996 முதல் ஜெர்மன் பழம்புத்தகக்காரர்களின் பொதுப் பட்டியலாக இருந்துவந்த ஸெட்.வி.ஏ.பி.யும் 2011இல் அங்கேயே போய்ச் சேர்ந்தது. ஆக, நண்பர் முதலிடம் கொடுத்த நடுவர், ஓடுகிற குதிரைகளில் ஒன்றின் சொந்தக்காரனிடம் சம்பளம் வாங்குகிறவர். நடுவர் கள்ளம் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் பத்துத் தகுதிகளைக் கட்டத்தில் போட இடமிருந்தும், யாருக்குச் சொந்தம் என்ற ஒரு பத்தி போட நண்பருக்குத் தோன்றவில்லையே, அதைத்தான் சொல்கிறேன். ஒரு வாரப் பத்திரிகை யாருக்குச் சொந்தம் என்று தெரியாமல் அதன் கதைகளைப் பற்றி அவர் ஒரு வரி எழுதமாட்டார்.

இந்தச் சொந்தம் வெறும் காகித விஷயம் இல்லை என்பது 2018 நவம்பரில் தெரிந்தது. ஹங்கேரி, செக் குடியரசு, தென் கொரியா, ரஷ்யா ஆகிய நாடுகளின் கடைக்காரர்களை அந்த மாத முடிவோடு பட்டியலிலிருந்து நீக்கப்போவதாக ஏப்புக்ஸ் அறிவித்தது. பணப் பட்டுவாடா ஏற்பாட்டில் மாறுதலாம். புடாபெஸ்டிலோ ப்ராகிலோ பல ஆண்டுகளாக ஒருவன் உட்கார்ந்து விவரித்து ஏற்றிய புத்தகங்கள், ஒரு கணக்குப்பிள்ளையின் சௌகரியத்துக்காக உலகத்தின் கண்ணிலிருந்து மறைய வேண்டும். அதற்குக் கடைக்காரர்கள் செய்த பதில் எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிறது. 27 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 600 பேர் தங்கள் பட்டியல்களை "விடுமுறையில் இருக்கிறோம்" என்று போட்டு மூடிவிட்டார்கள். லட்சக்கணக்கான புத்தகங்கள் தேடலில் இல்லாமல் போயின. சில நாட்களில் ஏப்புக்ஸ் பின்வாங்கியது. தயவு தேவையில்லை என்று நண்பர் சொன்ன அதே பழைய புத்தகக்காரன் கதவைச் சாத்தியதும் அந்த மாபெரும் தேடுபொறியிடம் காட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

அடுத்தது, பட்டியலின் அளவு. இத்தனை கோடிப் புத்தகங்கள் என்ற கணக்கை நண்பர் அப்படியே எடுத்துக்கொண்டு மார்க் போட்டுவிட்டார். ஒரே கடைக்காரன் ஒரே பிரதியை நாலு தளங்களில், நாலு கமிஷனுக்கு ஏற்ப நாலு விலையில் ஏற்றியிருப்பான். எல்லாத் தளங்களையும் துழாவும் பொறி அதை நாலு புத்தகமாகக் காட்டும். இன்னொரு வகை வியாபாரியும் உண்டு. அவனிடம் புத்தகமே இருக்காது. இன்னொருவன் பட்டியலைப் பார்த்து, விலையைக் கூட்டித் தன் பெயரில் போடுவான். யாராவது கேட்டால் வாங்கி அனுப்பலாம் என்று நினைப்பு. போதாததற்கு, நூலகங்களில் ஸ்கேன் செய்து வைத்த பழைய நூல்களை, கேட்ட பிறகு அச்சடித்துத் தருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் ஏற்றிவைத்திருக்கும் தலைப்புகள். 1890 என்று தேடினால் போன மாதம் பளபளப்பு அட்டையோடு அச்சாகப் போகும் 1890தான் முதல் மூன்று பக்கமும்.

இந்தக் கூத்தின் உச்சம் 2011 ஏப்ரலில் நடந்தது. பீட்டர் லாரன்ஸ் என்ற விஞ்ஞானி ஈயின் கரு எப்படி ஈயாக உருவாகிறது என்று எழுதிய உயிரியல் நூல், 1992இல் வந்தது, அச்சில் இல்லை. அமேசானில் இரண்டு விற்பனையாளர்கள் அதன் புதிய பிரதியைப் போட்டிருந்தார்கள். இருவருக்கும் விலை வைத்தது மனிதர்கள் அல்ல, நிரல்கள். ஒருவருடைய நிரல் அடுத்தவர் விலையை 0.9983ஆல் பெருக்கிக்கொள்ளும், அதாவது கொஞ்சம் குறைவாக. அடுத்தவருடையது முதலாமவர் விலையை 1.270589ஆல் பெருக்கிக்கொள்ளும், அதாவது கால் பங்குக்கு மேல் அதிகமாக. தினம் ஒருமுறை இப்படி ஒன்றை ஒன்று பார்த்துப் பெருக்கிக்கொண்டே போய், ஈயின் விலை 2,36,98,655 டாலர் 93 சென்ட்டில் வந்து நின்றது. தபால் செலவு தனியாக 3 டாலர் 99 சென்ட். பெர்க்லியைச் சேர்ந்த உயிரியலாளர் மைக்கேல் ஐஸன் இதைக் கவனித்துக் கணக்குப் போட்டு எழுதினார். அதிகம் வைத்தவரிடம் புத்தகமே இருந்திருக்காது என்பது அவருடைய ஊகம். நியாயமான ஊகம். யாரோ ஒரு மனிதர் விழித்துக்கொண்டு விலையை நூறு டாலர் சுமாருக்கு இறக்கினார். நண்பரின் கட்டத்தை அந்த ஏப்ரலில் போட்டிருந்தால் இந்த இரண்டு பிரதிகளும் "கையிருப்பு" என்ற பத்தியில் சேர்ந்திருக்கும்.

மறு முனையில், ஒரு சென்ட்டுக்குப் புத்தகம். இரண்டாயிரங்களின் நடுவில் கிடங்கு வைத்திருப்பவர்கள் தூக்கி எறிந்த புத்தகங்களை டன் கணக்கில் வாங்கி, முதுகுப்புறக் கோடுகளைக் கருவியால் சுரண்டிப் பார்த்து, நிரல் சொன்ன விலையில் ஏற்றினார்கள். விவரம் என்ற இடத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே வாக்கியம்: நல்ல நிலை, அடிக்கோடுகள் இருக்கலாம், முன்னாள் நூலகப் பிரதியாக இருக்கலாம். இருக்கலாம்! கையில் வைத்திருப்பவனே இருக்கலாம் என்கிறான். அந்தக் கருவிக்கு வேண்டியது ஐ.எஸ்.பி.என். எண். அது சர்வதேச வழக்காக வந்தது 1970இல்தான். அதற்கு முந்தைய அச்சு உலகம் முழுக்க அந்தக் கருவிக்கு வெற்றுத் தாள்.

நான் கேட்கும் கேள்வி வேறு. பட்டியலில் இருக்கும் அந்த நாலு வரிகளை யார் எழுதினார்கள்? புத்தகத்தைக் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தைப் புரட்டி, பின்பக்கத்தைப் பார்த்து, பக்கம் எண்ணி, கட்டைத் தடவி எழுதினார்களா? தளங்களை ஒப்பிட எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான். ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் காட்ஸ்பி' 1925இல் வந்தது. முதல் அச்சில் 205ஆம் பக்கத்தில் ஒரு சொற்றொடர் பிழையாக அச்சாகிப் பின்னால் திருத்தப்பட்டது. தாள் மேலுறையின் பின்புறம் கதாநாயகனின் முதற்பெயர் சிறிய எழுத்தில் தொடங்கி அச்சாகிவிட, பேனாவால் திருத்தினார்கள். இந்த இரண்டையும் பார்த்துச் சொல்பவனுடைய பிரதியும், "1925, நல்ல நிலை" என்பவனுடைய பிரதியும் தேடுபொறிக்கு ஒன்றே. மேலுறை உள்ள பிரதிக்கும் இல்லாததற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்பது பணக்காரர்கள் கவலை. என் கவலை, அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவன் ஒரு வாசகன் என்பது. அவன் செய்வது விமர்சனத்தின் முதல் படி. நாம் அந்தப் படியைத் தாண்டி நேராக மாடிக்குப் போனவர்கள்.

மிகையாகச் சொல்கிறேன் என்பவர்களுக்கு 1934ஐ ஞாபகப்படுத்துகிறேன். ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்று லண்டனில் இரண்டு இளைஞர்கள், இருவரும் பழைய புத்தக வியாபாரத்தில் இருந்தவர்கள், சேர்ந்து ஒரு விசாரணை நூல் வெளியிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களின் அபூர்வமான தனிப்பிரசுரங்கள் என்று சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுத்து வாங்கியவற்றில் பல போலி என்று அதில் நிறுவினார்கள். எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் சானெட்டுகள், 1847 என்று தலைப்புப் பக்கத்தில் போட்ட சிறு நூல். அந்தத் தாளைச் சோதித்தால் ரசாயன மரக்கூழ். இங்கிலாந்தில் அது தாளுக்கு வந்ததே 1870களில்தான். அச்செழுத்துகளின் வெட்டையும் பார்த்தார்கள், அதுவும் பிற்காலத்தது. அன்றைய மாபெரும் சேகரிப்பாளர், நூல்விவர ஆசிரியர் என்று பட்டம் சுமந்த தாமஸ் ஜே. வைஸ் இதற்குப் பின்னால் இருந்தார் என்பது வெளிப்பட்டது. ஒரு பெரும் பண்டிதரின் பீடத்தைச் சரித்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல, கடைக்காரர்கள். அவர்களிடம் இருந்தது தாளைப் பார்க்கும் கண்.

இந்த அளவுகோலால் நண்பரின் வரிசை தலைகீழாகும். வியாலிப்ரியை ஆரம்பித்தவர் ஒரு பழம்புத்தக வியாபாரி. அது எல்லாத் தளங்களையும் துழாவுவதோடு நூலகங்களின் பட்டியல்களையும் காட்டுகிறது, விற்பனைக்கு இல்லாத ஒரு பிரதி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும் தேடல்தான் என்று அதை உண்டாக்கியவருக்குத் தெரிந்திருக்கிறது. பிப்லியோ 2000இல் ஆரம்பித்து இன்னும் அமேசானிடம் விலைபோகாமல் இருக்கிறது. ஸெட்.வி.ஏ.பி. யார் கைக்குப் போனாலும் அதிலுள்ள ஜெர்மன் கடைக்காரர்கள் விவரம் எழுதும் சிரத்தை எனக்குப் பொறாமையூட்டுவது: ஜெர்மன் தெரியாத நானே அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பட்டியல்களை ஒரு சிறுகதை போலப் படிப்பதுண்டு. அலிப்ரிஸ், ஆட்ஆல் பற்றிச் சொல்ல அதிகமில்லை, மலிவுப் பிரதி தேடுகிறவர்களுக்கு உதவும்.

இனி நம் விஷயம். நண்பரின் கட்டுரை முழுவதிலும் ஒரு தமிழ்ப் புத்தகத்தின் பெயர்கூட இல்லை என்பதை எத்தனை பேர் கவனித்தீர்கள்? அவர் தேடிக் காட்டியவை எல்லாம் பெங்குவின், ஃபேபர். தமிழைத் தேடியிருந்தால் கட்டமே போட்டிருக்க முடியாது. புதுமைப்பித்தன் என்று ஆங்கில எழுத்தில் தேடிப் பாருங்கள். நடுவிலுள்ள 'து'வுக்கு ஒருவர் 'டி' போடுவார், இன்னொருவர் 'டி.எச்.' போடுவார், மூன்றாமவர் போடும் எழுத்தும் 'டி'தான், ஆனால் வேறு 'டி' (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, நான் என்ன செய்ய). 'ப்' ஒன்றா இரண்டா, 'த்' ஒன்றா இரண்டா என்பதற்கு ஆளுக்கொரு சித்தாந்தம். அமெரிக்க நூலகங்களின் முறையில் கோடும் புள்ளியும் வைத்து எழுதியதைப் பார்த்தால் சொ. விருத்தாசலமே தன்னை அடையாளம் கண்டுகொள்ளமாட்டார். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு பட்டியல் வரும், ஒன்றில் இருப்பது மற்றதில் இராது. வரும் பட்டியலிலும் "தமிழ்ப் புத்தகம், பழையது" என்பதுதான் விவரம். விற்பவருக்கு மொழி தெரியாது. தேடுகிற நமக்கு அவருடைய எழுத்துக்கூட்டல் தெரியாது.

'எழுத்து' பிரசுரமாக 1962இல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பை இந்த ஆறு தளங்களில் தேடுவதைவிட, வேர்ல்ட்கேட் என்ற நூலகக் கூட்டுப் பட்டியலில் தேடுவது பலன் தரும். அதற்குக் காரணம் நம் சாமர்த்தியம் இல்லை. அதே 1962இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் டெல்லியில் ஓர் அலுவலகம் திறந்து, கோதுமைக் கடன் கணக்கில் தேங்கிய ரூபாய்களைக் கொண்டு இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தது. அங்கே ஒரு நூலகர் புத்தகத்தை எடுத்து, பக்கம் எண்ணி, அட்டை எழுதினார். நம்முடைய ஐந்நூறு பிரதிப் புத்தகங்களுக்கு விவரணை என்று ஒன்று இருக்கிறதென்றால் பல சமயம் அது அந்த அட்டைதான்.

இங்கே எதிர்க்கட்சி ஒன்று உண்டு, அதற்கும் ஒரு வார்த்தை. தேடுதளம் என்றாலே முகம் சுளித்து மூர் மார்க்கெட் புராணம் பாடுகிறவர்கள். மூர் மார்க்கெட் எரிந்தது 1985இல். நாற்பது வருஷமாக அந்தச் சாம்பலையே பூசிக்கொண்டிருக்கிறார்கள். எட்டணாவுக்கு எடுத்த அபூர்வப் பிரதியைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரதியில் எத்தனை பக்கம், எந்த அச்சகம், முன்னுரை யார் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. பலரிடம் பிரதியே இல்லை, யாரோ இரவல் வாங்கிப் போய்விட்டார்களாம். அதே மார்க்கெட்டில் சுற்றியவர்தான் கோட்டையூர் ரோஜா முத்தையாவும். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், சேர்த்ததைச் சிதறவிடாமல் வைத்தவர். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கிச் சென்னையிலேயே 1994இல் நூலகமாக்கியது. சேகரித்தது பாதி வேலை. நூலகர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விவரப்பட்டியல் எழுதியது மறு பாதி. அது நடந்ததால்தான் இன்று ஒருவர் அங்கே போய் ஒரு நூலைக் கேட்டு வாங்க முடிகிறது.

இன்றைய நடைபாதைக் கடைக்காரர்கள் வாட்ஸப் குழுக்களில் பத்துப் புத்தகங்களை விசிறிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஐந்து நிமிஷத்தில் விற்றுவிடுகிறது. படத்தை எந்தப் பொறியும் நாளை தேடித் தராது. வாங்கியவர் யார், அது எந்தப் பதிப்பு என்பதற்குப் பதிவு இல்லை. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அன்றைய சாப்பாடு. வாங்குகிறவர்கள் நாம், எழுத்தாளர்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2000இல் ஆ. இரா. வேங்கடாசலபதி புதுமைப்பித்தன் கதைகளைப் பதிப்பித்தபோது, கதைகள் முதலில் வெளியான பத்திரிகைகளையும் நூல்களையும் தேடிப்பிடித்து ஒப்புநோக்க வேண்டியிருந்தது. புதுமைப்பித்தன் இறந்தது 1948இல். அரை நூற்றாண்டு அவரைப் பற்றி நாம் கொட்டிய விமர்சனம் எந்தப் பாடத்தின் மேல் நின்றது? சீனி. விசுவநாதன் பாரதியைக் காலவரிசையில் அடுக்கித் தொகுதி தொகுதியாகக் கொண்டுவர ஓர் ஆயுள் செலவாயிற்று. ஒவ்வொரு பதிப்பையும் அது வந்த காலத்திலேயே யாராவது பத்து வரி விவரித்து வைத்திருந்தால் அந்த ஆயுளில் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். இவர்கள் இருவரும் செய்ததை அடுத்த தலைமுறைக்காரர் நகுலனுக்கோ, ஸி.சு. செல்லப்பாவுக்கோ செய்யப் போனால் என்ன கிடைக்கும் அவருக்கு? நூறு சந்தா தாண்டாத பத்திரிகைகள், யாருடைய பரணில் எந்த இதழ் என்று யாருக்கும் தெரியாத நிலை, மறுபதிப்புகளில் முதற்பதிப்பின் வருஷத்தைக்கூடப் போடாத பதிப்பகங்கள். ஆங்கிலக் கவிஞனின் 1847 போலி என்று கண்டுபிடிக்க அங்கே தாளையும் எழுத்தையும் தெரிந்த இருவர் இருந்தார்கள். நம்மிடம் போலி செய்வதற்கும் ஆள் கிடையாது, அதற்குகூட மூலம் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

நண்பருக்கு நான் வைக்கும் கோரிக்கை சின்னது. கட்டம் போடத் தெரிந்தவர், பொறுமைசாலி, இந்த இரண்டும் இந்த வேலைக்கு வேண்டிய குணங்கள்தான். அவரிடம் 'எழுத்து' இதழ்களின் கட்டு ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். 1959 முதல் எந்தெந்த இதழ்கள், எதற்கு அட்டை இல்லை, எதில் பக்கம் குறைகிறது, பைண்டு செய்தவன் எந்த விளம்பரப் பக்கத்தைக் கிழித்துப்போட்டான், எந்தக் கவிதையின் ஓரத்தில் யார் பென்சிலால் என்ன எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதி அனுப்பட்டும். பெயர்களைத் தமிழிலும், அமெரிக்க நூலகக்காரன் எழுதும் விதத்திலும், நாம் கண்டபடி எழுதும் எல்லா விதத்திலும் கொடுக்கட்டும். எட்டுப் பக்கம் ஒதுக்க ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார், கவிதைகளைக் குறைத்தாவது.